நாலு ஸ்பூன் மாவும் ராத்திரி பூரா வயித்து சத்தமும்

கேள்வி: எனக்கு வயசு 38. ரெண்டு மாசம் முன்னாடி பல்லுல இன்ஃபெக்‌ஷன் ஆகி ஆன்டிபயாடிக் ஒரு கோர்ஸ் எடுத்தேன், அதுக்கப்புறம் வயிறு பழைய மாதிரி இல்ல. ரெண்டு நாள் போகாது, மூணாவது நாள் கட்டியா போகும், எது சாப்ட்டாலும் உப்புது. வெயிட் குறைக்கணும்னு ஆறு மாசமா சோறு, கிழங்கு, ரொட்டி எல்லாத்தையும் கிட்டத்தட்ட நிறுத்தியே வெச்சிருக்கேன். நல்ல பாக்டீரியாவுக்கு ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச் குடுக்கணும்னு எங்கயோ படிச்சுட்டு பச்சை உருளைக்கிழங்கு ஸ்டார்ச் பவுடர் வாங்கி, முதல் நாளே பெரிய ஸ்பூன்ல நாலு ஸ்பூன் தண்ணில கலக்கி குடிச்சேன். அன்னிக்கு ராத்திரி பூரா வயித்துக்குள்ள இடி, கேஸ் தாங்க முடியாம என் வீட்டுக்காரர் தலகாணிய எடுத்துட்டு ஹாலுக்கு போயிட்டார். பவுடரை தூக்கி மேல் ஷெல்ஃப்ல வெச்சுட்டேன். இப்ப ப்ரோபயாடிக் மாத்திரை வாங்கவா? ஆறின சோறு சாப்ட்டா போதும்னும் சொல்றாங்க, அதை சூடு பண்ணினா சத்து போயிடுமா? சுகர், பிரஷர் எதுவும் இல்ல.

பதில்:

மொதல்ல உங்க வீட்டுக்காரருக்கு என் அனுதாபத்தை சொல்லிடுங்க. நான் படிச்சு முடிச்சு வேலைக்கு சேர்ந்த புதுசுல இதே வேலைய பண்ணிருக்கேன், பவுடர் இல்ல, ஒரு பெரிய கிண்ணம் நெறைய வேகவெச்ச ராஜ்மா, அதுக்கு முன்னாடி மாசக்கணக்குல பயறு வகை பக்கமே போகாத வயிறு, மறுநாள் மீட்டிங்ல நாற்காலில நெளிஞ்சுட்டே உக்காந்திருந்தேன். அதனால உங்களுக்கு நடந்தது என்னன்னு நல்லாவே தெரியும். நீங்க குடுத்த சாப்பாட்டுல தப்பு இல்ல, குடுத்த வேகம்தான் தப்பு. பவுடர் விஷமும் இல்ல, உங்க வயிறு கெட்டும் போகல.

உள்ள என்ன நடக்குதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன், அது புரிஞ்சா மீதிய நீங்களே முடிவு பண்ணிக்கலாம். சோறு, கிழங்கு, கோதுமை எதுல இருக்கற மாவுச்சத்தா இருந்தாலும் வாய்ல எச்சில்லயே கொஞ்சம் உடைய ஆரம்பிச்சுடும், மீதி சிறுகுடல்ல கணையத்துல இருந்து வர்ற அமிலேஸ் என்சைமால உடைஞ்சு குளுக்கோஸா ரத்தத்துக்கு போயிடும். ஆனா எல்லாமே அப்படி போயிடறதில்ல. ஒரு பங்கு மட்டும் அந்த என்சைமுக்கு சிக்காம தப்பிச்சு பெருங்குடல் வரைக்கும் வந்து சேருது, அதுக்குத்தான் ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச்னு பேரு. 1982ல எங்லிஸ்ட், கம்மிங்ஸ்ங்கற ஆராய்ச்சியாளர்கள் சாப்பாட்டுல நார்ச்சத்து எவ்வளவுன்னு அளந்துட்டு இருக்கும்போது, வேகவெச்சு ஆறின பொருள்ல கொஞ்சம் ஸ்டார்ச் என்சைம் போட்டும் கரையாம நின்னுச்சு, கணக்கை குழப்பிட்டு இருந்த அந்த மிச்சத்துக்கு வெச்ச பேருதான் இது.

பெருங்குடல்ல அதுக்காக காத்துட்டு இருக்கற கூட்டம் சின்னதில்ல. நம்ம உடம்புல இருக்கற பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடின்னு 2016ல ஒரு கணக்கு போட்டாங்க, எல்லாத்தையும் சேர்த்து எடை போட்டா கால் கிலோ கூட வராது, பெரும்பாலும் பெருங்குடல்லதான் இருக்கு. ஆனா அத்தனை பேருக்கும் ஸ்டார்ச் உடைக்க தெரியாது. ருமினோகாக்கஸ் ப்ரோமின்னு ஒண்ணு இருக்கு, கெட்டியா இருக்கற ஸ்டார்ச் துகளை மொதல்ல கடிச்சு உடைக்கறதுல அதுதான் கில்லாடி, அது உடைச்சு சிதறவிடற துண்டுகளைத்தான் பக்கத்துல இருக்கற மத்த பாக்டீரியாங்க பொறுக்கி சாப்பிடுது, சாப்ட்டுட்டு அசிட்டேட், ப்ரோபியனேட், பியூட்டிரேட்னு மூணு ஷார்ட் செயின் ஃபேட்டி ஆசிடை, அதாவது குட்டி கொழுப்பு அமிலங்களை, வெளிய விடுது. இதுல பியூட்டிரேட்தான் நமக்கு முக்கியம், ஏன்னா பெருங்குடலோட உள்சுவர்ல இருக்கற செல்லுங்க தங்களுக்கு வேண்டிய சக்தில கிட்டத்தட்ட 70 சதவீதத்தை அதுலருந்துதான் எடுத்துக்குது. மத்த உறுப்புங்க பெரும்பாலும் ரத்தத்துல வர்ற சத்தை நம்பி இருக்க, இந்த சுவர் மட்டும் வாடகைக்கு குடியிருக்கறவங்க சமைச்சு போடறதை சாப்ட்டு வாழுது, எனக்கு இன்னும் அது ஆச்சரியம்தான்.

சரி, சாப்பாடு வரலன்னா அந்த கூட்டம் என்ன பண்ணும்? சும்மா இருக்காது. 2016ல எலிகளை வெச்சு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, நார்ச்சத்தே இல்லாத தீனி குடுத்த எலிகளோட குடல்ல பாக்டீரியாங்க சுவரை மூடி இருக்கற சளிப்படலத்தையே தின்ன ஆரம்பிச்சுடுச்சு, படலம் மெலிஞ்சு போச்சு. எலில நடந்தது அப்படியே நமக்கு நடக்கும்னு நான் சொல்லல. மனுஷங்கள்ல பார்த்ததும் ஒண்ணு இருக்கு, 2007ல குண்டா இருந்தவங்களுக்கு நாலு வாரம் ரொம்ப கம்மி கார்போஹைட்ரேட் சாப்பாடு குடுத்து பார்த்தப்ப, மலத்துல இருந்த பியூட்டிரேட் கிட்டத்தட்ட நாலுல ஒரு பங்கா இறங்கிடுச்சு, அதை தயாரிக்கற பாக்டீரியாக்களும் சேர்ந்து குறைஞ்சுடுச்சு.

இப்ப உங்க கதைக்கு வாங்க. ஆறு மாசமா மாவுச்சத்து நிறுத்தினதுல ஸ்டார்ச் தின்னு வாழற கூட்டம் ஏற்கனவே மெலிஞ்சு போயிருக்கும், அதுக்கு மேல ஆன்டிபயாடிக் வேற. அந்த நிலைமைல பெரிய ஸ்பூன்ல நாலுன்னா ஏறக்குறைய 40 கிராம் பச்சை ஸ்டார்ச், ஒரே மடக்குல. கடைல ரெண்டு பேர் வேலை பார்க்கும்போது பஸ் நிறைய ஆள் வந்து இறங்கினா எப்படி இருக்கும், அதேதான். பாக்டீரியா ஸ்டார்ச்சை புளிக்க வைக்கும்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் வரும், அந்த ஹைட்ரஜனை வாங்கி செலவு பண்றதுக்குன்னே வேற கிருமிங்க உண்டு, அதுங்க பெருகறதுக்கு நாள் ஆகும், அதுவரைக்கும் கேஸ் நேரா உங்க வீட்டுக்காரர் மூக்குக்குத்தான் போகும். பயறு வகை புதுசா தினமும் சாப்பிட ஆரம்பிச்சவங்கள கவனிச்சதுல, மொத வாரத்துல கேஸ் ஜாஸ்தின்னு சொன்னவங்கள்ல நெறைய பேருக்கு சில வாரத்துல அது தணிஞ்சுடுது. அதனால விட்டுட்டு ஓடக்கூடாது, அளவை குறைக்கணும், அவ்வளவுதான்.

ப்ரோபயாடிக், அதாவது உயிருள்ள நல்ல கிருமி அடைச்ச மாத்திரை கேட்டீங்க. வேணாம்னுதான் சொல்வேன், இப்போதைக்கு. வெளிய இருந்து வர்ற கிருமிங்க பெரும்பாலும் விருந்தாளி மாதிரி, நாலு நாள் இருந்துட்டு கிளம்பிடும், நிரந்தரமா குடியேறாது. 2018ல வந்த ஒரு ஆராய்ச்சில ஆன்டிபயாடிக் சாப்ட்டவங்கள மூணு குழுவா பிரிச்சு, ஒரு குழுவுக்கு ப்ரோபயாடிக் குடுத்தாங்க, ஒரு குழுவுக்கு அவங்களோட பழைய மலத்துல இருந்தே எடுத்து வெச்ச கிருமிகளை திருப்பி செலுத்தினாங்க, இன்னொரு குழுவை சும்மா விட்டாங்க. சும்மா விட்ட குழுவை விட ப்ரோபயாடிக் எடுத்த குழுவுக்குத்தான் சொந்த கிருமிங்க திரும்பி வர லேட்டாச்சு. சின்ன ஆராய்ச்சிதான், அதை வெச்சு மாத்திரையே வேஸ்ட்னு தீர்ப்பு எழுத முடியாது, சில குறிப்பிட்ட பிரச்சனைக்கு டாக்டருங்க எழுதி குடுக்கறதும் உண்டு. ஆனா உங்களுக்கு உள்ளயே இருக்கற ஆளுங்களுக்கு சாப்பாடு போடறது மாத்திரைய விட மலிவு, நியாயமும் கூட.

இனி ஆறின சோறு விஷயம், இதுல ஜனங்க பேசறது பாதி சரி, பாதி மிகை. மாவுச்சத்து துகளை தண்ணில வேகவெச்சா 60, 70 டிகிரி வாக்குல அது ஊதி, வெடிச்சு, கொழகொழன்னு ஆயிடும், அந்த நிலைல என்சைம் சுலபமா பூந்துடும். மாவுச்சத்துங்கறதே குளுக்கோஸ் கோர்த்த சங்கிலிதான், ஆறும்போது அந்த பிரிஞ்ச சங்கிலிங்க, அதுலயும் அமிலோஸ்ங்கற நீட்டு சங்கிலிங்க, திரும்ப ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வரிசையா இறுகிக்கும். நீங்க கண்ணால பார்க்கற விஷயம்தான் இது. ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வெச்ச சோத்தை காலைல டப்பாவ திறந்து பாருங்க, நேத்து மெத்துனு இருந்த பருக்கை ஒவ்வொண்ணும் விரல்ல நசுக்கினா ரப்பர் மாதிரி எதிர்த்து நிக்கும், வேகவெச்ச உருளைய சூட்டோட வெட்டினா கத்தில மாவா அப்பிக்கும், அதையே மறுநாள் வெட்டினா மெழுகு மாதிரி சுத்தமா துண்டாகும். ப்ரெட் ரெண்டு நாள்ல வறட்டுனு ஆகறதும் இதே கதைதான், தண்ணி காஞ்சு போறதால மட்டும் இல்லன்னு பூசிங்கோன்னு ஒரு பிரெஞ்சு வேதியியல்காரர் 1852லயே ப்ரெட்டை காத்து புகாம மூடி வெச்சு பார்த்து சொல்லிட்டார். ஃப்ரிட்ஜோட 4 டிகிரில இந்த இறுகற வேலை இன்னும் வேகமா நடக்கும், அதனாலதான் ப்ரெட்டை ஃப்ரிட்ஜ்ல வெச்சா சீக்கிரம் வறண்ட மாதிரி ஆயிடுது.

சூடு பண்ணினா போயிடுமான்னா, முழுசா போகாது. அமிலோஸ் இறுகினது உருக 100 டிகிரிக்கும் மேல வேணும், நீங்க ஆவி பறக்க சூடு பண்றது அந்த அளவுக்கு போறதில்ல. 2015ல வெள்ளை அரிசி சோத்தை அளந்து பார்த்தாங்க, 100 கிராம்ல சுடச்சுட இருந்தப்ப 0.64 கிராம் ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச், 24 மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு திரும்ப சூடு பண்ணினதுல 1.65 கிராம். உருளைக்கிழங்கை அளந்த இன்னொரு ஆராய்ச்சில சூடா இருந்தப்ப 3.1, ஆறினப்ப 4.3, திரும்ப சூடு பண்ணினப்ப 3.5 கிராம். ஆக குறைஞ்சாலும் சூடா இருந்ததை விட கொஞ்சம் மேலதான் நிக்குது, உங்களுக்கு ஜில்லுனு சாப்பிட பிடிக்கலன்னா தாராளமா சூடு பண்ணிக்கங்க.

ஆனா அந்த நம்பரை இன்னொரு தடவ பாருங்க. சோத்துல ஏறினது 100 கிராமுக்கு ஒரே ஒரு கிராம். ஆறவெச்சா சோத்தோட கலோரி பாதியாயிடும்னு சொல்றாங்களே, கணக்கு போட்டு பாருங்க, சாதா ஸ்டார்ச்ல கிராமுக்கு 4 கலோரி, ரெசிஸ்டன்ட் ஸ்டார்ச்ல சுமார் 2, ஒரு கிராம் மாறினா மிச்சமாகறது ரெண்டே கலோரி, 100 கிராம் சோத்துல இருக்கறதோ சுமார் 130. இதை நம்பி ரெண்டு தட்டு ஜாஸ்தி சாப்பிட்டுட்டு வெயிட் ஏறிடுச்சுன்னு வர்றவங்கள எனக்கு தெரியும். அதனால மிச்சமான சோறு இருந்தா சாப்பிடுங்க, அதுக்காகவே வடிச்சு ஆறவெச்சு ஒரு சடங்கு மாதிரி செய்ய வேண்டியதில்ல.

சோறு ஆறவைக்கறதுல ஒரு எச்சரிக்கை மட்டும், இதுல நான் கறாரா இருப்பேன். பேசிலஸ் சீரியஸ்னு ஒரு கிருமியோட விதை மாதிரியான ஸ்போர் அரிசிலயே இருக்கும், கொதிச்சாலும் சாகாது, சோறு வெதுவெதுன்னு மணிக்கணக்கா மேடைலயே கிடந்தா அது முளைச்சு நஞ்சை கக்கும், அந்த நஞ்சு திரும்ப சூடு பண்ணினாலும் போகாது. அதனால சோத்தை அகலமான தட்டுல பரப்பி சீக்கிரம் ஆறவிட்டு ஒரு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுடுங்க, மறுநாளே முடிச்சுடுங்க, ஒரு தடவைக்கு மேல சூடு பண்ணாதீங்க.

உண்மையான சரக்கு எங்க இருக்குன்னா, பயறு பருப்புல. கொண்டைக்கடலை, ராஜ்மா, பாசிப்பயறு, துவரை, மசூர் எதுவா இருந்தாலும் சரி, அதுல ஸ்டார்ச் கெட்டியான செல் சுவருக்குள்ள பூட்டி கிடக்கு, வேகவெச்ச பிறகும் கொஞ்சம் பூட்டு உடையாமலே கீழ வந்து சேருது, கூடவே அமிலோஸும் ஜாஸ்தி, அதோட பாக்டீரியாவுக்கு ரொம்ப பிடிச்ச வேற நார்ச்சத்தும் இருக்கு. முழு தானியமும் அதே ஜாதிதான், நைஸா அரைச்ச மாவை விட உடைச்ச கோதுமை, கெட்டி ஓட்ஸ், முழு சோளம் மாதிரி பல்லுக்கு வேலை வைக்கறது கூடுதலா கீழ போய் சேரும். வாழைப்பழம் நல்லா பழுத்து கரும்புள்ளி விழுந்ததுல ஸ்டார்ச் எல்லாம் சர்க்கரையா மாறி இருக்கும், காம்பு பக்கம் இன்னும் பச்சை மாறாம செங்காயா இருக்கறதுல நெறைய மிச்சம் இருக்கும், அந்த துவர்ப்பை பொறுத்துக்கிட்டா அது ஒரு நல்ல வழி, பச்சை காயை வேகவெச்சா அதுல பாதிக்கு மேல போயிடும்ங்கறதையும் ஞாபகம் வெச்சுக்கங்க.

உங்களுக்கு நான் சொல்ற முறை இதுதான். மொத வாரம் பயறு பக்கம் போகாதீங்க. தினமும் ஒரு வேளை ஒரு சின்ன உருளைக்கிழங்கு, தோலோட வேகவெச்சு ஆறவெச்சது, இல்லன்னா ஒரு கப் சோறு, காய்கறியோட. ஆமா, சோறுதான், ஆறு மாசம் கழிச்சு. வெயிட் ஏறும்னு பயமா இருந்தா அந்த வேளைல எண்ணெயையும் இனிப்பையும் குறைங்க, கிழங்கை குறைக்காதீங்க. ரெண்டாவது வாரம் வேகவெச்ச பயறு ரெண்டு டேபிள்ஸ்பூன், அதுக்கு மேல வேணாம், எவ்வளவு ருசியா இருந்தாலும். ராத்திரி பூரா ஊறவெச்சு அந்த தண்ணிய கொட்டிட்டு புது தண்ணில குழைய வேகவையுங்க, கேஸ் கிளப்பற சில சர்க்கரைங்க ஊறின தண்ணிலயே இறங்கி இருக்கும். நாலஞ்சு நாளைக்கு ஒரு தடவ ஒரு ஸ்பூன் கூட்டுங்க. உப்புசம் வந்தா நிறுத்தாதீங்க, அதே அளவுல இன்னும் நாலு நாள் நில்லுங்க, அடங்கினதும் மேல ஏறுங்க. மாச கடைசில ஒரு சின்ன கிண்ணம் அளவு வந்துட்டா போதும். தண்ணி நல்லா குடிக்கணும், நார்ச்சத்தை கூட்டிட்டு தண்ணிய கூட்டலன்னா ஏற்கனவே கட்டியா இருக்கறது இன்னும் கட்டியாகும்.

ஸ்டார்ச் மட்டும் வெச்சு மலச்சிக்கலை தீர்த்துட முடியாதுங்கறதையும் சொல்லிடறேன். கீரை, காய், பழத்தோல், தவிடுல இருக்கற மத்த நார்ச்சத்தும் வேணும், எல்லாம் சேர்ந்து பெரியவங்களுக்கு நாளைக்கு குறைஞ்சது 25 கிராம்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல சொல்லி இருக்கு. ஒரே பொருளை கட்டிட்டு அழறதை விட வாரத்துக்கு நாலு விதமா மாத்தி மாத்தி குடுத்தா வேற வேற கிருமிக்கு வேற வேற தீனி கிடைக்கும். ஒருத்தருக்கு வேலை செய்யறது இன்னொருத்தருக்கு செய்யாமலும் போகும், 2019ல சுமார் 170 பேர்கிட்ட பார்த்தப்ப உருளைக்கிழங்கு ஸ்டார்ச் எடுத்தவங்களுக்கு சராசரியா பியூட்டிரேட் ஏறுச்சு, சோள ஸ்டார்ச் எடுத்தவங்களுக்கு ஏறல, உருளை குழுவுலயே கூட எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்ல. உங்களுக்கு எது ஒத்துவருதுன்னு உங்க வயிறுதான் சொல்லணும்.

பெரிய பெரிய வாக்குறுதிய மட்டும் நம்பாதீங்க. பரம்பரையா குடல் கேன்சர் அபாயம் இருக்கற லிஞ்ச் சிண்ட்ரோம்காரங்க 900க்கும் மேல பேருக்கு தினமும் 30 கிராம் ஸ்டார்ச் பவுடர், இல்லன்னா சும்மா ஒரு டம்மி பவுடர் குடுத்து வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்து 2022ல முடிவு சொன்னாங்க. குடல் கேன்சர் குறையல. ஆனா இரைப்பை, கணையம் மாதிரி வேற இடத்து கேன்சருங்க குறைஞ்சிருந்துச்சு, அது யாரும் எதிர்பார்க்காதது. சுவாரசியமான விஷயம்தான், அதுக்காக எல்லாரும் நாளைலருந்து பவுடர் குடிக்கணும்னு அர்த்தம் இல்ல.

மேல் ஷெல்ஃப்ல வெச்ச பவுடரை குப்பைல போட வேணாம். ஒரு மாசம் கழிச்சு வயிறு பழகினதும் ஆசைப்பட்டா அரை டீஸ்பூன்ல ஆரம்பிங்க, ஜில்லுனு இருக்கற மோர்லயோ தண்ணிலயோதான் கலக்கணும், சூடான கஞ்சில போட்டா துகள் வெடிச்சு சாதா ஸ்டார்ச்சா ஆயிடும். கலக்கின உடனே குடிச்சுடுங்க, ரெண்டு நிமிஷம் விட்டா அடில வெள்ளையா படிஞ்சு ஸ்பூன்ல சுரண்டினா கிறீச்சுனு சத்தம் வர்ற அளவுக்கு இறுகிடும். ஆசை இல்லன்னா சூப்பு கெட்டியாகறதுக்கு போட்டு தீர்த்துடுங்க.

டாக்டரை பார்க்க வேண்டியது எப்பன்னும் சொல்லிடறேன். மலத்துல ரத்தம், காரணமே இல்லாம வெயிட் இறங்கறது, ரத்தசோகை, தூக்கத்துலருந்து எழுப்பற வயித்து வலி இல்லன்னா பேதி, குடும்பத்துல யாருக்காவது குடல் கேன்சர், இதுல ஒண்ணு இருந்தாலும் கிழங்கு பயறுன்னு நாள் கடத்தாதீங்க. ஆன்டிபயாடிக் எடுத்த பிறகு தண்ணி மாதிரி பேதி நிக்காம போனாலும் அப்படித்தான். பல்லு வலிக்கு குடுத்த வலி மாத்திரை, இல்ல இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது இன்னும் சாப்ட்டுட்டு இருக்கீங்களான்னும் பாருங்க, அதுல சிலது தானாவே மலத்தை கட்டிடும், நீங்க கடிதத்துல அதை எழுதல. ரெண்டு ஸ்பூன் பயறுக்கே சுருட்டி பிடிக்கற வலி வந்தா, அது இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம் (IBS)ங்கற குடல் தொந்தரவு மாதிரி ஏதாவதா இருக்கலாம், அப்ப இந்த முறைய நிறுத்திட்டு நேர்ல ஒரு டயட்டீஷியனை பாருங்க.

மத்தபடி வீட்டுக்காரரை திரும்ப ரூமுக்குள்ள கூப்பிடலாம். பயறு ஒரு ஸ்பூன் கூட்டற அன்னிக்கு மட்டும் அவர்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.